கொள்ளுத்தாத்தா மீது போட்ட விவாகரத்து வழக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி தேடித் தருவது என் தொழில். 1800களைச் சேர்ந்த விவாகரத்து வழக்குக் கட்டு ஒன்று கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தில் அகப்பட்டுவிட்டால், தேடச் சொன்னவர்கள் கேட்கும் முதல் கேள்வி, யார் மீது தப்பு என்பதுதான். மனுவின் முதல் பக்கத்தைப் படித்த கையோடு, "தாத்தா குடிகாரர், பாட்டியை அடித்தவர்" என்று குடும்ப வரலாற்றில் எழுதியும் விடுகிறார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஒத்துப்போகவில்லை என்று சொல்லிப் பிரிய அன்று பெரும்பாலான இடங்களில் வழியில்லை. ஒருவர் குற்றம் செய்திருக்க வேண்டும், மற்றவர் மாசற்றவராக இருக்க வேண்டும். இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்தது தெரிந்தால் மனு தள்ளுபடியாகும். குற்றச்சாட்டே தேவையில்லாத விவாகரத்து கலிபோர்னியாவில் 1970இல்தான் நடைமுறைக்கு வந்தது. எந்தக் குற்றம் செல்லும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 1787 முதல் 1960கள் வரை கள்ள உறவு ஒன்றுதான் காரணம். தென் கரோலினாவில் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள் நீங்கலாக, 1949 வரை விவாகரத்தே கிடையாது. இந்தியானாவின் 1852ஆம் ஆண்டுச் சட்டமோ நீதிபதி தக்கதென்று கருதிய எந்தக் காரணத்தையும் ஏற்றுக்கொண்டது. வெளிமாநிலத்தவர் அங்கே படையெடுக்க, 1873இல் சட்டத்தை இறுக்கினார்கள்.

ஆக, மனுவில் நாம் கேட்பது பாட்டியின் குரல் அல்ல, வக்கீலின் குரல். "கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தை" என்ற தொடர் எழுத்து மாறாமல் மனுவுக்கு மனு வரும். அதற்காக எல்லாமே ஜோடனை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. உண்மையாகவே உதைபட்ட பெண்ணுக்கும் அதே தொடரைத்தான் வக்கீல் எழுதினார். பிரித்தறிய உதவுபவை சாட்சிகளின் வாக்குமூலங்கள். எந்த இரவு, எந்தக் கதவு, யார் ஓடிவந்து தடுத்தார்கள் என்று பக்கத்துவீட்டுக்காரி சொல்லும்போது சட்டத்தின் சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன.

தீர்ப்பைவிட அதற்குப் பின்னால் கிடக்கும் துண்டுத் தாள்களில்தான் எனக்கு ருசி. சம்மனின் பின்புறம், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கவுண்டி அதிகாரியான ஷெரிப் எழுதிய குறிப்பைப் பாருங்கள். "இந்தக் கவுண்டியில் காணப்படவில்லை" என்றிருந்தால் கணவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று ஊகிக்கலாம். அடுத்து உள்ளூர்ப் பத்திரிகையில் வாரக்கணக்கில் அறிவிப்பு வந்திருக்கும். ஜீவனாம்சம் கேட்ட வழக்கென்றால் நிலம், பசு, தையல் இயந்திரம், படுக்கை எனச் சொத்துப் பட்டியல் இருக்கக்கூடும். மனைவி பிறந்தவீட்டுப் பெயரை மீட்டுக் கேட்டிருந்தால் வம்சாவளிக்காரருக்கு அது புதையல். வேறெங்கும் கிடைக்காத அந்தப் பெயர் தீர்ப்பின் கடைசி வரியில் உட்கார்ந்திருக்கும்.

வழக்குப் போட்டதே குடும்பத்துக்கு இழுக்கு என்று இன்றும் கூசுபவர்கள் உண்டு. தொழிலாளர் ஆணையர் கரோல் ரைட் 1889இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1867 முதல் 1886 வரை அமெரிக்காவில் 3,28,716 விவாகரத்துகள் வழங்கப்பட்டன. அவற்றில் 2,16,176 மனைவியர் பெற்றவை. கணவரே ஒதுங்கி நின்று, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, மனைவியை வழக்குப் போடவிட்டவையும் இவற்றில் இருக்கும் என்பது என் எண்ணம்.

கவுண்டியில் கட்டு இல்லையென்றால் வழக்கே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நூற்றாண்டின் முற்பகுதியில் பல மாநிலங்களில் சட்டமன்றமே தனிச்சட்டம் இயற்றி விவாகரத்து தந்தது. மாசசூசெட்ஸில் 1887 வரை மாநில உச்ச நீதிமன்றத்தில்தான் தேட வேண்டும். சிகாகோவின் பழைய ஆவணங்கள் 1871ஆம் ஆண்டுத் தீயில் போயின. சின்சினாட்டி நீதிமன்றத்தை 1884 கலவரத்தில் கொளுத்தினார்கள். இந்த ஊர்களுக்குப் பழைய செய்தித்தாள்கள்தான் கதி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பியும் பலர் ஏமாறுகிறார்கள். 1880 கணக்கெடுப்பில் விவாகரத்தானவர்களைக் குறிக்க இடமிருந்தும், ஊர்வாய்க்கு அஞ்சி விதவை என்று சொல்லிக்கொண்ட பெண்கள் உண்டு. அப்படி ஒரு விதவை அகப்பட்டு, கணவரின் கல்லறை மட்டும் கிடைக்காமல் போனால், அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் மேற்கு மாநிலங்களில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். புது மனைவி, பிள்ளைகளோடு அவர் அங்கே இருக்கக்கூடும்.