முதலில் உடலுறவுக்குத் தடை

படுக்கையில் சரிவரவில்லை என்று பாலியல் சிகிச்சைக்கு வரும் பல தம்பதிகளுக்குக் கிடைக்கும் முதல் உத்தரவு: "நாங்கள் சொல்லும்வரை உடலுறவு கூடாது." வில்லங்கமாகத் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸும் அவருடன் ஆய்வு செய்த வர்ஜீனியா ஜான்சனும் உருவாக்கி, 1970இல் நூலாக வெளியிட்ட 'சென்சேட் ஃபோகஸ்' (தொடு உணர்வில் கவனம்) என்ற இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆணின் விறைப்புக் கோளாறையே எடுத்துக்கொள்வோம். ஆணுறுப்பின் உள்தசைகள் தளர்ந்தால்தான் இரத்தம் நிரம்பும். தளரச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற வேதிப்பொருள். உடல் அமைதியாக இருக்கும்போது இயங்கும் பாராசிம்பதெடிக் நரம்புகள் அதை விடுவிக்கின்றன. பதற்றம் வந்தாலோ அவற்றுக்கு எதிராக வேலை செய்யும் சிம்பதெடிக் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து அதே தசைகளை இறுக்கிவிடும். ஒருமுறை தவறிவிட்டால், அடுத்த முறை 'இன்றைக்காவது ஆகுமா' என்ற கவலை முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மனம் துணையை விட்டுவிட்டுத் தன் உடம்பையே வேவு பார்க்கும். அப்புறம் எங்கே தசை தளர்வது? தூக்கத்தை வா வா என்று கூப்பிட்டால் வராதே, அதே கதைதான்.

தடை போட்டதும் தேர்வே ரத்தாகிவிடுகிறது. வீட்டில் செய்யச் சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் படுத்திருக்க, மற்றவர் தொட வேண்டும், பிறகு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மார்பகமும் பிறப்புறுப்பும் இப்போதைக்கு விலக்கு. துணையைக் கிளர்ச்சியூட்டுவதற்காகத் தொடக் கூடாது என்பதுதான் சூட்சுமம். தோலின் சூடு, வழுவழுப்பு, சொரசொரப்பு ஆகியவற்றைக் கவனித்தால் போதும். கூச்சமோ வலியோ இருந்தால் மட்டும் சொல்லலாம். சில நாள் கழித்து விலக்கிய இடங்களும் சேரும், புணர்ச்சி கடைசியில்தான்.

மாத்திரை போதாதா? 1998இல் வந்த சில்டெனாஃபில் (வயாகரா), நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைத்த வேலை சீக்கிரம் நின்றுவிடாமல் காக்கிறது. தொடக்கமே இல்லாதபோது அதற்கு வேலையில்லை. விறைப்புக் குறைவு சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

பயிற்சியின் பிற்பகுதியில் விறைப்பு வந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. தொடுவதை நிறுத்தி, அடங்க விட வேண்டும். மறுபடி தொட்டால் மறுபடி வரும். போனது திரும்பி வரும் என்று எத்தனை பேர் வாயால் சொன்னாலும் நம்பாத ஆள், தன் உடம்பிலேயே இரண்டு மூன்று தடவை பார்த்ததும் நம்பத் தொடங்குகிறார்.