அக்னோசியா – இனமறியாமை

மூளை ரத்தக்குழாய் அடைப்பிலிருந்து பிழைத்துத் தக்கலை வீட்டுக்கு வந்த மாமியிடம் தாக்கோலைத் தூக்கிக் காட்டினேன். சாவிக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. "இரும்பு மாதிரி இருக்கு மக்களே. நீளமா, நுனியில பல்லு பல்லா..." என்றார். என்ன பொருள் என்று தெரியவில்லை. சத்தம் கேட்கும்படி கொத்தை லேசாக ஆட்டினேன். "தாக்கோல்லா இது!" என்றார் உடனே.

கண்ணில் கோளாறு என்றார் மகன். "ஓர்மை போயிட்டு" என்றார்கள் பக்கத்து வீட்டில். இரண்டுமில்லை. கண் பார்க்கிறது, நினைவும் இருக்கிறது. பார்த்தது நினைவோடு போய்ச் சேரும் வழிதான் அடிபட்டிருக்கிறது. இதுவே அக்னோசியா.

கிரேக்கத்தில் 'அ' இன்மை, 'க்னோசிஸ்' அறிவு. க்னோசிசும் வடமொழி ஞானமும் ஒரே வேரில் பிறந்தவை. அப்படியே பெயர்த்தால் அஞ்ஞானம்! தமிழில் அது ஆன்மிக இருளைக் குறிப்பதால் நோயாளிமேல் சுமத்த எனக்கு மனம் வராது. முன்பு ஜெர்மன் மருத்துவர்கள் இதை 'ஆன்மக் குருடு' என்றார்கள். 1890இல் அவர்களில் ஒருவரான லிசாவர் இதை இரண்டாகப் பிரித்தார்: உருவத்தையே கூட்டிப் பார்க்க முடியாதது ஒன்று, உருவம் தெரிந்து, அதைப் பார்த்து வரையவும் முடிந்து, இன்னதென்று மட்டும் தெரியாதது மற்றொன்று. மாமிக்கு வந்தது இரண்டாவது. அடுத்த ஆண்டு, பேச்சிழப்பு பற்றிய நூலில், அக்னோசியா என்ற சொல்லை மருத்துவத்துக்குத் தந்தவர் சிக்மண்ட் ஃபிராய்ட்.

தொடுகையிலும் இது உண்டு. அந்தக் குறை உள்ளவரிடம் கண்ணை மூடச்சொல்லிக் கையில் சிரட்டையைக் கொடுத்தால், சொரசொரப்பும் குழிவும் சொல்வார். சிரட்டை என்று தெரியாது. இடப்பக்க மூளையின் உச்சிப்பகுதி அடிபட்டால் வலக்கைக்குத்தான் இந்தக் குறை; இடக்கைக்கு மாற்றினால் சொல்லிவிடுவார். இதற்கு அஸ்டீரியோக்னோசிஸ் என்று பெயர். 'ஸ்டீரியோஸ்' என்றால் திடமானது.

தமிழில் 'இனங்காணாமை' எனலாம். ஆனால் அதிலுள்ள 'காண்' நம்மைக் கண்ணிலேயே நிறுத்திவிடும். கண், கை, காது எல்லாவற்றுக்கும் பொதுவான வினை 'அறி'. அதனால் இனமறியாமையே என் தேர்வு: காட்சி இனமறியாமை, தொடுகை இனமறியாமை. தொட்டறிவதைத் தொல்காப்பியம் 'உற்றறிவது' என்கிறது. அருமையான சொல். ஆனால் இன்று 'உற்று' என்றதும் உற்றுப்பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அது குழப்பும்.

முகம் மட்டும் தெரியாமல் போவது முக இனமறியாமை. மாமிக்கு அது வரவில்லை. வாசலில் நான் பேசாமல் நின்றாலும் முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.