மாத்திரையை எங்கே வைக்கிறீர்கள்?

காசநோய்ப் பிரிவில் பணிபுரியும் நெஞ்சக மருத்துவர் என்ற முறையில், மறுபரிசோதனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பல ஆண்டுகளாக நான் கேட்டுவந்த கேள்வி, "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்பதுதான். "போடுறேன் டாக்டர்" என்ற பதிலுக்கு மேல் எதுவும் வராது. அந்தக் கேள்வியால் பயனில்லை என்பதை எனக்குப் புரியவைத்தவர், திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண். இரண்டாம் மாதத்தில் மருந்தை நிறுத்திவிட்டு, காய்ச்சலும் இருமலுமாகத் திரும்பி வந்திருந்தார். மாத்திரை அட்டைகளைத் துவரம்பருப்பு டப்பாவில் பருப்புக்கு அடியில் ஒளித்துவைத்து, மாமியார் குளிக்கப் போகும் நேரம் பார்த்து விழுங்கி வந்திருக்கிறார். முதல் வாரத்திலிருந்தே சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிருக்கிறது. ரத்தம் கலந்து போகிறதோ என்று பயந்தபடியே சாப்பிட்டிருக்கிறார். துணியில் படிந்த கறையைப் பார்த்து மாமியார் கேட்ட அன்று நிறுத்திவிட்டார். காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் நிறம் மாறுவது இயல்பு, அதில் ஆபத்து இல்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும். அதை நான் சொல்லவில்லை.

நோயையும் நோயாளியின் வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்லும் புதிய புத்தகங்களை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். பாடநூல் கிருமியைப் பற்றிச் சொல்லும், மருந்தின் அளவைச் சொல்லும். பருப்பு டப்பாவைப் பற்றிச் சொல்லாது. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரீன் 2025-இல் வெளியிட்ட 'எவ்ரிதிங் இஸ் டியூபர்குளோசிஸ்', மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் உள்ள லாக்கா அரசு மருத்துவமனையில் அவர் சந்தித்த ஹென்றி என்ற இளைஞனைச் சுற்றி எழுதப்பட்டது. முதலில் பார்த்தபோது தம் மகனைப் போல ஒன்பது வயதுச் சிறுவன் என்றே நினைத்ததாகவும், அவனுக்கு உண்மையில் 17 வயது என்பது பிறகே தெரிந்ததாகவும் அவர் எழுதுகிறார். பசியும் நோயும் சேர்ந்து ஒருவனின் வளர்ச்சியை எப்படித் தின்றுவிடுகின்றன என்பதற்கு எங்கள் எடை-உயரக் கணக்கைவிட அந்த ஒரு தகவல் போதும்.

இதழாளர் வித்யா கிருஷ்ணன் 2022-இல் எழுதிய 'ஃபாண்டம் பிளேக்' நமக்கு இன்னும் நெருக்கமானது. மும்பையில் வெயிலும் காற்றும் புகாதபடி நெருக்கி நெருக்கிக் கட்டப்பட்ட குடியிருப்புகள் எப்படிக் காசநோயை வளர்க்கின்றன என்பதை அது விரிவாகக் காட்டுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுயிலின் நம் நாட்டு நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கவில்லை. பாட்னாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் அதற்காக டெல்லி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2017-இல் மருந்து கிடைத்தது, 2018-இல் அவர் இறந்துபோனார். மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென் ஆப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் காசநோய்க்குப் போடப்பட்ட கானமைசின் ஊசியால் செவித்திறனை இழந்தவர்கள். பெடாகுயிலினின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று இவ்விருவரும் எழுப்பிய எதிர்ப்பை ஏற்று, இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நீட்டிப்பு விண்ணப்பத்தை நிராகரித்தது. இன்று நான் பெடாகுயிலினை எழுதிக்கொடுக்கும்போதெல்லாம் இவர்களை நினைத்துக்கொள்கிறேன். நோயை அனுபவித்தவர்களின் சொல் மருத்துவத்தையே மாற்றியிருக்கிறது.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் (இன்றைய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் உணவும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள், அவர்களோடு வாழ்ந்த உறவினர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவுகள் வெளிவந்த பிறகு உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது. இவ்வளவு காலம் கழித்தும், நோயாளிக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். நுரையீரல் காசநோய் இருமும்போது காற்றில் பரவுவது, பாத்திரத்தால் பரவுவதில்லை. சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மையும் பெரிதும் குறைந்துவிடும். தனித்தட்டு நோயைத் தடுப்பதில்லை, நோயாளியை மருந்தை ஒளிக்கவைக்கிறது.

இதனால் சாப்பாடு முக்கியமில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். மிகவும் மெலிந்துபோனவர்கள் சிகிச்சையின் முதல் வாரங்களிலேயே இறந்துபோவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அதனால்தான் தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடனேயே எடை, மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, நிலைமை மோசமானவர்களை உடனே வார்டில் சேர்க்கிறோம். சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாகியிருக்கிறது. வங்கிக் கணக்கு விவரத்தைப் பதியாததால் அதைப் பெறாமல் இருப்பவர்கள் உண்டு; உங்கள் சிகிச்சை மையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நான் கேட்பது, "மாத்திரையை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்?" என்று. பீரோவில், அரிசி மூட்டைக்குப் பின்னால், வேலை செய்யும் கடையில் என்று பதில்கள் வருகின்றன. அந்த இடத்தை வைத்தே வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது புரிந்துவிடுகிறது. தேவையென்றால், நோயாளியின் சம்மதத்தோடு, வீட்டாரை அழைத்துப் பேசுகிறோம். முதல் நாளே இரண்டு நிறங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சிறுநீர் செம்மஞ்சளானால் பயப்படாமல் மருந்தைத் தொடருங்கள், கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாகி, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.