கிரேட் சர்க்கிள்: பெருவட்டம்

தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று தேடினால், சுமார் 12,400 கி.மீ. என்று விடை வரும். 'நேர்க்கோட்டுத் தூரம்' என்று அதற்குப் பெயரும் போட்டிருப்பார்கள். எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். நிஜமாகவே நேர்க்கோடு இழுத்தால் அது பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் அந்த எண்ணை கிரேட் சர்க்கிள் டிஸ்டன்ஸ் என்பார்கள். தமிழில் பெருவட்டத் தொலைவு.

ஓர் உருண்டையின் மையமே தனக்கும் மையமாக இருக்கும்படி அதன்மேல் வரைகிற வட்டம் பெருவட்டம். ஒரு பந்தின் மேல் ரப்பர் பேண்டை மாட்டிப் பாருங்கள். சரியாக நடுவில் மாட்டினால் நிற்கும். கொஞ்சம் விலகினாலும் சுருங்கிக்கொண்டே வழுக்கிக் கழன்றுவிடும். அது நிற்கிற இடம் பெருவட்டம். நிலநடுக்கோடு அப்படிப்பட்டது, மற்ற அட்சரேகைகள் எல்லாம் சிறுவட்டங்கள்.

லத்தீனில் வளையத்துக்குப் பெயர் 'கிர்குஸ்', குட்டி வளையம் 'கிர்குலுஸ்'. முதலாவது கூடாரத்துக்குள் சர்க்கஸ் ஆனது, இரண்டாவது சர்க்கிள் ஆனது. நம் புவியியல் பாடநூல்கள் இதைப் பெருவட்டம் என்று ஆக்கியது மிகப் பொருத்தம். 'பெரிய வட்டம்' என்று பிரித்து எழுதிவிடக் கூடாது. பெருவிரல் என்றால் ஏதோ ஒரு பெரிய விரல் இல்லை, இன்ன விரல் என்று தெரியும். பெருங்குடலும் அப்படித்தான். ஒட்டி நிற்கும்போதுதான் அது கலைச்சொல்.

உலக உருண்டையில் தில்லிமேல் நூலின் ஒரு முனையை அழுத்திக்கொண்டு, மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவுக்கு விறைப்பாக இழுங்கள். உருண்டைமேல் மிகக் குறுகிய வழி அதுதான். நூல் படிந்திருப்பது ஒரு பெருவட்டத்தின் மேல், அதன் நீளம்தான் பெருவட்டத் தொலைவு. நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே ஏறி, சைபீரியாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியே இறங்கும். சுவரில் மாட்டிய தட்டை வரைபடம் இதைக் காட்டவே காட்டாது. எந்த இரண்டு விமான நிலையங்களை எடுத்தாலும் நூலின் நீளம் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் போகாது. பூமியின் சுற்றளவில் அது பாதி.

பயண நேரம் இந்த நூலுக்குக் கட்டுப்பட்டதில்லை. ஏர் இந்தியாவின் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முன்பு அட்லாண்டிக் வழியாக சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆகக் கூடியது, நேரமோ ஏறத்தாழ 2 மணி குறைந்து பதினாலரை மணி ஆனது. பசிபிக் வழியில் விமானம் கிழக்கே போகிறது. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அட்லாண்டிக் வழியில் அதே காற்றை எதிர்த்துப் பறக்க வேண்டும்.

ஆகவே 15,300 என்பது பறந்த தொலைவு, 12,400 பெருவட்டத் தொலைவு. இரண்டையும் 'விமானத் தூரம்' என்ற ஒரே சொல்லில் அடைக்காமல் எழுதுங்கள்.