இருட்டில் கேமரா தேடுவது வெளிச்சத்தை அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்த பெரிய கொண்டாட்டம் பிள்ளைக்கு 21 வயது நிறைவதுதான். பெரியவர்கள் முன்னிலையில் மண்டபத்தில் விருந்தும், பிள்ளை பெரியவனானதன் அடையாளமாகச் சாவி கொடுக்கும் சடங்கும் முடிந்தபின் இளையவர்கள் நைட் கிளப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். என் அக்கா மகளின் விழாவன்று நானும் கேமராவோடு அவர்கள் பின்னால் போனேன். மண்டபத்தில் எடுத்த படங்களில் குறையில்லை. கிளப்பில் எடுத்தவற்றில் பாதிக்கு மேல், அவளுடைய ஜிமிக்கியின் ஒவ்வொரு மணியும் எண்ணும்படி தெளிவாக இருந்தது. கண்கள் மட்டும் மங்கியிருந்தன. வெளிச்சம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதி உண்மைதான்.

இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் கட்ட வேறுபாட்டு (phase detection) முறையில் ஃபோகஸ் செய்கின்றன. 1985இல் மினோல்டா நிறுவனம் தன் 7000 கேமராவின் மூலம் பரவலாக்கிய முறை இது. லென்ஸின் ஒரு பக்கத்து வழியாக வரும் ஒளியையும் எதிர்ப்பக்கத்து வழியாக வரும் ஒளியையும் கேமரா தனித்தனியே பிரித்துப் பார்க்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். தவறியிருந்தால் விலகி நிற்கும். விலகலின் திசையையும் அளவையும் கொண்டு லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கேமரா கணக்கிடுகிறது. ஆனால் இரண்டு பிம்பங்களையும் ஒப்பிட ஓர் அடையாளம் வேண்டும். வெளுப்பும் கறுப்பும் சந்திக்கும் ஒரு விளிம்பு வேண்டும். நண்பகல் வெயிலில்கூட வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் கேமரா முன்னும் பின்னும் தடுமாறுவது இதனால்தான். அது தேடுவது வேறுபாட்டை.

இருட்டு அந்த வேறுபாட்டை எப்படி விழுங்குகிறது? ஒளி துகள்துகளாக வருகிறது, அதுவும் ஒழுங்கில்லாமல் வருகிறது. சராசரியாக 10,000 ஒளித்துகள்கள் விழும் ஒரு புள்ளியில் இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரு விழுக்காடு. சராசரி 100 துகள்களாகக் குறைந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து விழுக்காடு. கன்னத்துக்கும் கன்னத்து நிழலுக்கும் இடையே இருக்கும் மெல்லிய வேறுபாடு இந்த ஏற்ற இறக்கம் என்ற இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. கிளப்பில் விடும் புகை, ஒளியைச் சிதறடித்துக் கறுப்பின்மேலும் ஒரு வெளுப்பைப் பூசி, இருக்கிற விளிம்பையும் மழுங்கச் செய்கிறது. நீல விளக்கு மட்டும் எரிந்தால் நிலைமை இன்னும் மோசம்: படத்தைப் பதியும் வழக்கமான சென்சாரில் நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் நீலத்தைப் பார்க்கிறது.

ஜிமிக்கி ஏன் தெளிந்தது என்பது இப்போது விளங்கும். அந்த இருட்டில் அவள் முகத்தருகே மின்னிய ஒரே பொருள் அது. கேமரா அதைப் பற்றிக்கொண்டது. காது கண்ணுக்குப் பின்னால் ஒரு விரற்கடை அல்ல, பல சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நான் வைத்திருந்தது 85 மி.மீ. லென்ஸ், அதை f/1.8இல் (f எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் துளை பெரிதாகும்) திறந்து இரண்டு மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்தே சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். காதைப் பிடித்தால் கண் போய்விடும். மூக்குத்தி அணிந்திருந்த அவள் தோழியின் படங்களில் பல தேறியதற்கும் காரணம் இதுவே: மூக்குத்தி கண்ணின் தளத்துக்கு அருகில் மின்னுகிறது. அதன்பின் நான் ஃபோகஸ் புள்ளியை வேண்டுமென்றே மூக்குத்தியிலும், அது இல்லாதவர்களுக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டத்திலும் வைக்கத் தொடங்கினேன்.

கேமராப் பெட்டியில் "-6 ஈ.வி. வரை ஃபோகஸ் செய்யும்" என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். ஈ.வி. என்பது வெளிச்சத்தைப் படிப்படியாக அளக்கும் எண். 0 ஈ.வி. என்பது சுமார் 2.5 லக்ஸ் வெளிச்சம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அது பாதியாகிறது. -3 ஈ.வி.யே முழுநிலவு வெளிச்சத்தின் அளவுதான். ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் f/1.2 போன்ற அகலமான லென்ஸோடு அளந்தவை. f/4 லென்ஸைப் பொருத்தினால் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும்.

வெளி ஃபிளாஷ்களின் முகப்பிலிருந்து சிவப்புக் கோடுகளை வீசும் துணைவிளக்கு இங்கே ஒரு நல்ல தந்திரம். வேறுபாடு இல்லாத முகத்தின்மேல் அது வேறுபாட்டை வரைந்து காட்டுகிறது. ஆனால் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (mirrorless) புதிய கேமராக்கள் பலவற்றில் இது பயன்படுவதில்லை. பழைய கேமராக்களில் ஃபோகஸுக்கெனத் தனி சென்சார் இருந்தது, அது அகச்சிவப்பை ஒட்டிய ஒளியையும் பார்த்தது; புதியவற்றில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் செய்வதால், அதன்மேலுள்ள வடிகட்டி அந்த ஒளியைத் தடுத்துவிடுகிறது.

படம் மங்கியதெல்லாம் ஃபோகஸின் குற்றமும் அல்ல. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவர் தெளிந்து முகம் மங்கியிருந்தால் ஃபோகஸ் தவறியது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை நடுங்கியது. ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் ஆடியிருக்கிறார். கடைசி நோய்க்கு ஃபிளாஷ் மருந்து. குறைந்த சக்தியில் அதன் மின்னல் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே நீடிப்பதால், ஷட்டர் 1/15 நொடி திறந்திருந்தாலும் முகம் அந்த மின்னலில் உறைகிறது. பின்னணி விளக்குகள் மட்டும் கோடுகளாக நீளுகின்றன.

ஆட்டோஃபோகஸ் இல்லாத காலத்திலும் இந்த நாட்டில் இந்த வேலை நடந்தது. 1960களின் பிற்பகுதியில் கேப்டவுனின் கேட்டகோம்ஸ் கிளப்பில் வாயிற்காவலராக இருந்த பில்லி மாங்க், 35 மி.மீ. லென்ஸும் ஒரு ஃபிளாஷும் கொண்டு அங்கு வந்தவர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களில் முகங்கள் இன்றும் தெளிவாக நிற்கின்றன. அகன்ற கோண லென்ஸ் செய்யும் உதவி பெரிது. 24 மி.மீ. லென்ஸை f/8இல் வைத்து இரண்டு மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து பத்து மீட்டரையும் தாண்டி எல்லாம் தெளிவாகவே விழும். கேமரா எதையும் தேட வேண்டியதே இல்லை. f/8இல் ஒளி குறையும் என்றாலும் அதை ஃபிளாஷும் ஐ.எஸ்.ஓ.வும் (ஒளிக்கான உணர்திறன் அளவு) ஈடுகட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிய லென்ஸ்கள் பலவற்றில் தொலைவைக் காட்டும் எண்களே இல்லை. சிலவற்றில் கேமராவை அணைத்து எழுப்பினால் வைத்த இடமும் மறந்துபோகும். நான் கிளப் வாசலில் பெயர்ப்பலகை விளக்கின் கீழே ஒருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, ஆட்டோஃபோகஸில் அவரைப் பிடித்து, உடனே கைமுறைக்கு மாற்றிவிட்டு உள்ளே போகிறேன். இரண்டு மீட்டர் எவ்வளவு என்று கண் பழக, லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு இரவுகளில் சமையலறையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, அளவு நாடாவோடு வீட்டாரை நிற்க வைத்துப் பழகினேன். அம்மா மட்டும் இரண்டாவது படத்துக்கு மேல் நிற்க மறுத்துவிட்டார்.