உலாவி காட்டும் ‘எச்2’ உங்கள் செயலிக்கான சான்று அன்று

கிளவுடில் இயங்கும் செயலியை, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி/2 நெறிமுறையில் சோதித்துவிட்டோம் என்று கூறும் அறிக்கைகள் அடுத்தடுத்து என்னிடம் வருகின்றன. ஆதாரமாக இணைக்கப்படுவதோ, குரோம் உலாவியின் நெட்வொர்க் பகுதியில் ‘எச்2’ (எச்டிடிபி/2-இன் சுருக்கம்) என்று தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டுமே. அண்மையில் வந்த அறிக்கையை ஏற்குமுன் அதே நேரத்துக்குரிய சர்வர் லாகை, அதாவது வந்த கோரிக்கைகளைச் சர்வர் குறித்துவைக்கும் பதிவை, கேட்டு வாங்கினேன்; அதன் ஒவ்வொரு வரியிலும் பழைய பதிப்பான எச்டிடிபி/1.1 என்றே இருந்தது.

உலாவி பேசுவது உங்கள் செயலியுடன் அன்று, அதற்கு முன்னால் நின்று கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சருடன். டிஎல்எஸ் என்னும் மறையாக்க இணைப்பு அங்கேயே முடிகிறது. எந்த நெறிமுறையில் பேசுவது என்ற உடன்பாடும் அத்துடன் முடிந்துவிடுகிறது. அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சர், நாம் அமைப்பை மாற்றாத வரையில், எச்டிடிபி/2-இல் வந்த கோரிக்கையை எச்டிடிபி/1.1 ஆக்கியே உள்ளே அனுப்பும். செயலிகளை இயக்கித் தரும் சேவையான கூகுள் கிளவுட் ரன்னிலும், செயலி இருக்கும் கன்டெய்னர் வரையிலான எச்டிடிபி/2-ஐ நாமேதான் இயக்க வேண்டும். ஆகவே அந்த ஸ்கிரீன்ஷாட் சோதித்தது கிளவுட் நிறுவனத்தின் வாசலை; உங்கள் நிரலை அன்று.

இதை வெறும் பெயர்ப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். எச்டிடிபி/2-இல் கோரிக்கை எங்கே முடிகிறது என்பது ஃப்ரேம்கள் எனப்படும் தரவுத் துண்டுகளிலிருந்தே தெரிந்துவிடும். தாக்குபவர், உள்ளடக்கத்தின் நீளத்தைச் சொல்லும் வரியில் ‘கன்டென்ட்-லெங்த்: 0’ என்று பொய்யாக எழுதி, அதை லோடு பேலன்சர் சரிபாராமல் எச்டிடிபி/1.1-க்குக் கடத்திவிட்டால், அந்த நீளத்தை நம்பும் உள்ளிருக்கும் சர்வர் எஞ்சிய பகுதியைப் புதிய கோரிக்கையாக வாசிக்கும்; அடுத்து வரும் பயனரின் கோரிக்கை அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். 2021-இல் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் கெட்டில் இவ்வகைத் தாக்குதல்களை விரிவாக விளக்கிய பின்னும், இந்த மாற்றம் நிகழும் இடத்தைச் சோதிப்பவர்கள் மிகக் குறைவு.

எனவே ஒவ்வொரு சோதனைக்கும் லோடு பேலன்சர், செயலி ஆகிய இரு முனைகளின் லாகையும் எடுத்து வையுங்கள். அடுத்த பதிப்பான எச்டிடிபி/3-ஐச் சோதிப்பதானால், அது யூடிபி என்னும் கடத்தல் முறை வழியே செல்வதால், ஃபயர்வாலில் யூடிபி 443 என்னும் போர்ட் திறந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியில் எச்டிடிபி/3-ஐக் கோரும் சாதாரணத் தெரிவு, இணைப்பு கிடைக்காவிட்டால் பழைய நெறிமுறைக்கு ஓசையின்றி இறங்கிவிடும். ‘எச்டிடிபி/3 மட்டும்’ என்னும் தெரிவையே பயன்படுத்துங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கோரிக்கைகளை அனுப்பி உடனுக்குடன் ரத்து செய்து சர்வரைத் திணறடிக்க இடம் தரும், 2023 அக்டோபரில் வெளியான எச்டிடிபி/2-இன் ‘ரேபிட் ரீசெட்’ குறைபாட்டைக் கொண்டு, கூகுள் மீது நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வரை ஏவப்பட்டன. உங்கள் சர்வர் அதைத் தாங்குமா என்று அறிய விரும்புவது நியாயமே. ஆனால் பலரும் பகிர்ந்துகொள்ளும் கிளவுடில் அதை உங்கள் விருப்பப்படி ஏவிப் பார்க்காதீர்கள். சர்வரின் பதிப்பில் திருத்தம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாக்கிப் பார்த்தே தீர வேண்டுமெனில், உங்கள் சொந்தக் கணினியில் அதே பதிப்பை நிறுவி அங்கே செய்யுங்கள்.