இது சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா? கையெழுத்துக்கு முன் இதய, புற்றுநோய் நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள்

சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். அட்மிஷனுக்கு ஒரு தாள், ஆஞ்சியோவுக்கு ஒரு தாள், ஸ்டென்டுக்கு ஒரு தாள் என்று ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து ஃபைலைப் புரட்டியபோதுதான் கவனித்தோம், அதில் ஒரு தாள் சிகிச்சைக்கானதே இல்லை. பெரியப்பாவின் ரத்த மாதிரியை ஓர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம் என்ற தாள் அது. கெடுதல் எதுவும் நடக்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகவே சம்மதித்திருப்போம். ஆனால் எங்களிடம் யாரும் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். இதய நோயும் புற்றுநோயும் வந்தவர்களிடம் ஆராய்ச்சிக்காக இப்படிக் கேட்பது உண்டு. அவர்களுக்கும் வீட்டாருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் இப்போது நடப்பில் இருப்பது "புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019". 2019 மார்ச் 19 அன்று அரசிதழில் வந்தது. இந்த விதிகள் சும்மா வந்துவிடவில்லை. 1999-2000 வாக்கில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் சிலருக்கு, அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் உருவாக்கிய சோதனை மருந்தைக் கட்டியிலேயே ஊசியாகப் போட்டார்கள். 2001ல் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆய்வாளர் வேலை பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், ஆய்வுகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் தங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இது நடந்தது என்று அறிவித்தது. 2012ல் ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கின் அழுத்தத்தில்தான் 2013ல் இழப்பீட்டு விதியும், ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவும் வந்தன. 2019 விதிகள் இவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தன.

உங்களிடம் ஒரு தாள் நீட்டப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "டாக்டர், இது சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா?" ஆராய்ச்சிக்கு என்றால், எந்த மாதிரி ஆராய்ச்சி என்று அடுத்த கேள்வி. ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு வேறு.

புதிய மருந்தை விற்பனைக்குக் கொண்டுவர நிறுவனம் நடத்தும் பரிசோதனை ஒரு வகை. கிளினிக்கல் ட்ரையல் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். இதற்கு இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் (மத்திய அதிகாரி) அனுமதி, பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டும் வேண்டும். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டிலும் (சி.டி.ஆர்.ஐ.) ஏற்றியிருக்க வேண்டும். ஸ்டென்ட், செயற்கை வால்வு போன்ற கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் தனியாக உண்டு.

ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மருந்தை வைத்து, விற்பனை நோக்கம் இல்லாமல், கல்லூரி மருத்துவர்கள் செய்வது இன்னொரு வகை. இதற்கு மத்திய அதிகாரியின் அனுமதி தேவையில்லை, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் போதும். அப்புறம், மருந்தே கொடுக்காமல் ரத்தம், எக்கோ ரிப்போர்ட், பயாப்ஸி சதை, கேஸ் ஷீட் இவற்றை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வுகள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. படிக்கும் டாக்டர்கள் ஆய்வேட்டுக்காகச் செய்பவை பெரும்பாலும் இப்படிப்பட்டவை. நம்மில் பலர் சந்திக்கப்போவது இந்தக் கடைசி வகையைத்தான். இதையும் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் நடத்த முடியாது. அந்தக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர்.-இன் 2017 தேசிய நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும்.

நெறிமுறைக் குழு என்றால் டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் இடம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாமானியர் ஒருவர், குறைந்தது ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள்தான். உங்கள் சார்பில் கேள்வி கேட்பதற்காகவே இருக்கும் குழு இது. அவர்களைத் தொடர்புகொள்ளும் விவரம் உங்களுக்குத் தரும் தகவல் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சரி, அந்தத் தாளில் வேறு என்ன இருக்க வேண்டும்? ஆய்வு எதற்காக, எத்தனை நாள், என்னென்ன சோதனைகள், என்ன ஆபத்து, இதில் சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை இருக்கிறது, உங்கள் விவரங்களை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கிலத் தாளைக் காட்டி வாங்கும் கையெழுத்து, விதி கேட்கும் ஒப்புதல் ஆகாது. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி ஆரம்பம் முதல் கடைசி வரை உடன் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம், முற்றிலும் புதிய மூலக்கூறு ஒன்றைச் சோதிப்பதாக இருந்தால், விளக்கிச் சொல்வதையும் அவர்கள் சம்மதிப்பதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். "இந்த மருந்து எதிர்பார்த்த பலனைத் தராமல் போகலாம்" என்பது ஒன்று. ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கும் பிரிவு இருந்தால், அந்த மாத்திரைக்கு நோயைக் குணமாக்கும் சக்தி கிடையாது என்ற வரி இன்னொன்று. இரண்டும் சட்டப்படி தாளில் இருக்க வேண்டியவை. புற்றுநோய் வீடுகளில் இதை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எல்லா மருந்தும் பார்த்தாயிற்று, புதுசு ஒன்று வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் மனசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முதல் கட்டப் பரிசோதனையின் நோக்கம் குணமாக்குவது அல்ல. எந்த அளவு வரை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான். அது தெரிந்தும், நமக்குப் பின்னால் வருபவர்களுக்கு உதவட்டும் என்று சேர்பவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா என்ற செயற்கை இதய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலில் தன் நெஞ்சில் ஏற்றுக்கொள்ள ஒருவர் சம்மதித்ததால்தானே, அதற்கப்புறம் எத்தனையோ பேருக்குக் குறைந்த விலையில் வால்வு கிடைத்தது.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சேர்ந்த பிறகு பாதியில் விலகவும் உண்டு, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இதய நோயாளிகள் விலகுவதென்றால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. விலகுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லி, பதில் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு விலகுங்கள்.

ஆய்வுக்காக மட்டுமே எடுக்கும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உங்களிடம் காசு வாங்கக் கூடாது. வந்துபோகும் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் ஈடுகட்டப் பணம் தரலாம் என்று ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை சொல்கிறது. தினக்கூலிக்குப் போகிறவர்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வெட்டி எடுத்த சதை யாருக்குச் சொந்தம்?

கட்டியிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவார்கள். அதிலிருந்து மெல்லிசாகச் சீவி ஸ்லைடு போட்டுப் பார்த்துத்தான் ரிப்போர்ட் தருகிறார்கள். ரிப்போர்ட் வந்த பிறகும் அந்த பிளாக் பத்திரமாக இருக்கும். ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய செல்வம். அறுவையில் எடுத்த இதய வால்வும் அப்படித்தான்.

ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி, ஆய்வுக்காகக் கொடுத்த மாதிரியும் அதிலிருந்து வரும் தகவலும் கொடுத்தவருக்கே சொந்தம். சேமித்து வைக்கும் நிறுவனம் அதற்குக் காப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. இந்த ஒரு ஆய்வுக்கு மட்டும், இந்த நோய் பற்றிய ஆய்வுகளுக்கு மட்டும், எதிர்காலத்தில் எந்த ஆய்வுக்கும் என்று பல அளவில் சம்மதம் தரலாம். படிவத்தில் கட்டங்கள் இருக்கும், எல்லாவற்றிலும் டிக் போட வேண்டிய அவசியமில்லை. பெயரும் அடையாளமும் முழுவதும் நீக்கப்பட்ட மிச்ச மாதிரிகளுக்கு, தனித்தனியாகச் சம்மதம் வாங்குவதிலிருந்து நெறிமுறைக் குழு விலக்கு கொடுக்க முடியும். அடையாளத்தை நீக்கிவிட்டால் எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை, திரும்பக் கேட்கவும் முடியாது. அதனால் முன்னாலேயே யோசித்துவிடுவது நல்லது.

இதில் யாரும் நமக்குச் சொல்லித் தராத ஒரு விஷயம் இருக்கிறது. பயாப்ஸித் துண்டு சில சமயம் மிகச் சின்னது. நுரையீரல் புற்றுநோய்க்கு மரபணு மாற்றம் பார்க்கவும், மார்பகப் புற்றுநோய்க்கு ஹெர்-2 என்ற புரதம் பார்க்கவும் அதே பிளாக்தான் வேண்டும். ஆய்வுக்கே எல்லாவற்றையும் சீவிவிட்டால், நாளைக்குச் சிகிச்சைக்குத் தேவைப்படும்போது மறுபடி ஊசி குத்த வேண்டிவரும். "என் சிகிச்சைக்குப் போதுமான அளவு மிச்சம் இருக்குமா?" என்று கேளுங்கள். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனாலும் ஸ்லைடும் பிளாக்கும் கையில் வேண்டும்.

ஏதாவது தப்பாகிப்போனால்

மருந்துப் பரிசோதனையில் இருக்கும்போது பாதிப்பு வந்தால், அது மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே இலவச சிகிச்சை தர வேண்டும். தேவைப்படும் வரையிலோ, பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரையிலோ, எது முன்னதோ அதுவரை தர வேண்டும். கடுமையான பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மருந்து நிறுவனம், நெறிமுறைக் குழு, மத்திய அதிகாரி மூவருக்கும் தெரிவிக்க வேண்டும். அடுத்து 14 நாளுக்குள் விரிவான அறிக்கை. மரணம் நேர்ந்தால் நெறிமுறைக் குழு 30 நாளுக்குள் தன் கருத்தைச் சொல்ல வேண்டும், மத்திய அதிகாரி 90 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும்.

மருந்தின் பக்கவிளைவு மட்டும்தான் "ஆய்வால் வந்த பாதிப்பு" என்று இல்லை. ஆய்வுத் திட்டத்தை மீறியது, கவனக்குறைவு, ஆய்வுக்காகச் செய்த ஒரு சோதனையால் வந்த கேடு, இருக்கும் நல்ல சிகிச்சையைத் தராமல் வெறும் மாத்திரை கொடுத்ததால் வந்த கேடு எல்லாம் இதில் சேரும்.

மரணத்துக்கான தொகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும் நோயின் நிலைக்கான எண்ணாலும் பெருக்கி 99.37 ஆல் வகுக்க வேண்டும். வயதுக்கான எண் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்து எடுத்தது: 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09, 65ம் அதற்கு மேலும் 99.37. நோயின் நிலைக்கு 0.5 முதல் 4 வரை. 6 மாதத்துக்கு மேல் பிழைக்க மாட்டார் என்ற நிலையில் இருந்தவருக்கு 0.5, ஆரோக்கியமானவருக்கு 4. அப்படிப் பார்த்தால் 50 வயது இதய நோயாளி ஒருவர் நடுத்தர ஆபத்தில், அதாவது 2 என்ற நிலையில் இருந்தவர் என்றால் ஏறக்குறைய 24.65 லட்சம் வரும். முற்றிய புற்றுநோயில், 0.5 என்ற நிலையில் இருந்த 65 வயதுக்காரருக்கு 4 லட்சம். ஒரு மாதத்துக்குள் இறப்பு ஏறக்குறைய உறுதி என்றிருந்தவருக்கு 2 லட்சம் என்று நிர்ணயித்திருக்கிறார்கள்.

கணக்கின் நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஆராய்ச்சிக்கு அதிகமாகத் தேவைப்படுவது முற்றிய நோயாளிகள். கையில் மிச்சமிருக்கும் கொஞ்ச நாளைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். இந்த எண் மாற வேண்டும் என்று நினைக்கிறேன்.

குணமாகக்கூடிய பாதிப்பு என்றால், மருத்துவமனையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் டெல்லியில் பயிற்சி இல்லாத தொழிலாளிக்கான குறைந்தபட்ச நாள் கூலியைப் போல இரண்டு மடங்கு. நிரந்தர முழு ஊனம் என்றால் மரணத்துக்குரிய தொகையில் 90 சதவீதம்.

இந்தத் தொகை யாருக்குப் போகும் என்பதற்கு ஒப்புதல் படிவத்திலேயே நாமினி பெயர், முகவரி, உறவுமுறை எழுதும் இடம் உண்டு. நோயாளியின் தொழிலும் ஆண்டு வருமானமும்கூடக் கேட்டிருப்பார்கள். அவசரத்தில் அதை வெற்றிடமாக விட்டுவிடாதீர்கள். பூர்த்தி செய்த படிவத்தின் நகலும் தகவல் தாளும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது விதி. அவற்றை டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே ஃபைலில் வைத்துவிடுங்கள். பின்னால் எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

தகவல் தாளில் சி.டி.ஆர்.ஐ. எண் இருந்தால், வீட்டுப் பிள்ளைகளை விட்டு அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கிடையாது. ஆய்வை நடத்துவது யார், பணம் யாருடையது, எந்தெந்த ஊரில் நடக்கிறது, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் மருத்துவமனையின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டால் போதும்.